கொக்கி வெட்டிய கத்தி

நான் முதன்முதலில் வாங்கிய பயனெற் ஒரு போலி.

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றிலுள்ள சமூக மண்டபத்தில் பழைய படைப்பொருட்களின் சந்தை அவ்வப்போது கூடும். நீள மேசைகளில் பதக்கங்கள், தொப்பிச் சின்னங்கள், தண்ணீர்க் குடுவைகள், துருவேறிய தகரப் பெட்டிகள். வேலைத்தலத்தில் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற வெள்ளைக்கார நண்பர்தான் என்னை அங்கே கூட்டிப் போனார். அவருடைய பாட்டனார் கலிப்பொலியில் நின்றவர். நான் போனது வேடிக்கை பார்க்க. திரும்பி வரும்போது என் கையில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு கத்தி இருந்தது. பிரித்தானியாவின் 1907 மாதிரி. குறுக்குக் காப்பின் ஒரு முனை கொக்கிபோல முன்னோக்கி வளைந்திருந்தது. கொக்கி உள்ளது கிடைப்பது அரிது என்றார் விற்றவர். அதற்கேற்ற விலையும் சொன்னார். கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அலகின் அடிப்பாகத்தைப் பார்த்தேன். ஒரு முடி, அதன்கீழ் ஜி.ஆர். என்ற எழுத்துகள், அதன்கீழ் 1907, அதற்கும் கீழே ஒரு 5, ஒரு 16. நண்பருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். 1907 என்பது மாதிரியின் பெயர், செய்த ஆண்டு அல்ல. 5, 16 என்றால் 1916 மே மாதம். அந்தக் கொக்கியையோ பிரித்தானிய இராணுவம் 1913இலேயே கைவிட்டுவிட்டது. மூன்று வருடம் கழித்துச் செய்த கத்தியில் கொக்கி எப்படி வந்தது? யாரோ பின்னாளில் ஒட்டி, அராவி, அமிலத்தில் ஊறவைத்துப் பழசாக்கியிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் உண்மையான கொக்கிக்குப் பல மடங்கு விலை கொடுப்பார்கள் என்பது போலி செய்பவனுக்கும் தெரியும்.

அந்தக் கத்தியை நான் எறியவில்லை. ஒரு கத்தியை வாசிக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தது அதுதான்.

பயனெற் என்பது துவக்கின் முனையில் பூட்டும் கத்தி. இந்தியிலும் உருதுவிலும் அதைச் சங்கீன் என்பார்கள். தமிழில் துப்பாக்கிச் சனியன் என்றும் ஒரு பெயர் உண்டு. ஓசையில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஆனால் பொருளில் நம்முடைய சொல்தான் மற்ற எல்லா மொழிச் சொற்களையும்விட நேர்மையானது என்று நான் நினைத்ததுண்டு.

முனையில் ஈட்டி

பயனெற் என்ற பெயர் தென்மேற்குப் பிரான்சிலுள்ள பயோன் நகரத்திலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் துவக்கை ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிக்கும் நேரத்தில் சிப்பாய் வெறுங்கையோடு நிற்பவனுக்குச் சமம். எதிரியின் குதிரைப்படை வந்து விழுந்தால் அவனைக் காப்பாற்ற நீண்ட ஈட்டி ஏந்திய ஆட்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். படையில் பாதிப் பேர் சுட, மீதிப் பேர் சுடுகிறவர்களைக் காத்தார்கள். இந்தச் செலவைக் குறைக்கக் கண்டுபிடித்ததுதான் முதல் பயனெற்: கூம்பிய மரப்பிடி கொண்ட ஒரு கத்தி. பிடியைத் துவக்கின் வாய்க்குள்ளேயே செருகிவிடுவார்கள். துவக்கு ஈட்டியாகிவிடும். செருகிய பிறகு சுட முடியாது.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது 1689 ஜூலை 27 அன்று ஸ்கொட்லாந்தின் கில்லிக்ராங்கிக் கணவாயில் தெரிந்தது. அரச படை மேலே நின்ற மலைநாட்டவரை நோக்கிச் சுட்டது. அவர்கள் வாளோடு சரிவில் ஓடி இறங்கினார்கள். சுட்டு முடித்த சிப்பாய்கள் கத்தியை எடுத்துக் குழல்வாயில் செருகி முடிப்பதற்குள் வாள் அவர்கள் தலைக்கு வந்துவிட்டது. சில நிமிடங்களில் படை சிதறியது.

பிரெஞ்சுக் கோட்டைப் பொறியியலாளர் வோபானின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தீர்வு ஏறத்தாழ அதே காலத்தது. கத்தியின் அடியில் ஒரு குழாய். அது குழலின் வெளிப்புறத்தில் மாட்டிக்கொள்ளும். அலகு பக்கவாட்டில் விலகி நிற்கும். பூட்டியபடியே சுடலாம், மருந்தும் கெட்டிக்கலாம். இதற்குப் பிறகு ஈட்டிக்காரர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு தொடங்கி ஐரோப்பியப் படைகளில் சுடுகிறவனும் குத்துகிறவனும் ஒரே ஆள்.

நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது இந்தக் குழாய்ப் பயனெற்தான். முக்கோண வெட்டுமுகம் கொண்ட, வெட்டுவதற்குக் கூர்மையில்லாத, குத்துவதற்கு மட்டுமே ஆன நீண்ட முள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கென மலிவாகச் செய்வித்த துவக்குக்கு இந்தியா மாதிரி என்று பெயர். 1790களில் பிரான்சோடு போர் மூண்டு துவக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரித்தானிய அரசு கம்பெனியின் இருப்பை வாங்கித் தன் படைக்கே கொடுத்தது. பிறகு அந்த மாதிரியையே தன் மாதிரியாகவும் ஏற்றுக்கொண்டது. நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரித்தானியச் சிப்பாய் பலரின் கையில் இருந்தது, சென்னைச் சிப்பாய்க்காகச் சிக்கனமாக வடிவமைத்த துவக்கு.

1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களின் தோளிலும் எதிரே நின்றவர்களின் தோளிலும் இருந்தது ஒரே வகைத் துவக்கும் ஒரே வகைப் பயனெற்றும். நெற்றிக் குறி கூடாது, தாடியைத் திருத்து, புதுத் தலைப்பாகையை அணி என்ற கட்டளைகளில் தொடங்கிய கோபம் அது. கோட்டைக்குள் உயிர் தப்பிய 69ஆம் படையணியினர் அறுபது பேரளவில் மதில்மேல் தோட்டா தீர்ந்து நின்றார்கள். ஆர்க்காட்டிலிருந்து குதிரையில் விரைந்து வந்த கில்லஸ்பி என்ற அதிகாரி கயிற்றைப் பிடித்து மதிலேறி, அவர்களைத் திரட்டிப் பயனெற்றோடு மதில்வழியே பாயவைத்தார். அவருடைய பீரங்கிகள் வந்து வாயிலைத் தகர்க்கும்வரை நேரம் வாங்கிக் கொடுத்தது அந்தப் பாய்ச்சல். அதன் பிறகு நடந்ததற்குப் பயனெற் தேவைப்படவில்லை. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

யப்பானிலிருந்து ஒரு வடிவம்

என்னுடைய போலிக் கத்திக்கு மூலமான 1907 மாதிரி, பிரித்தானியரின் சொந்தக் கற்பனை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் பொதுவாக ஒரு குறுகிய லீ என்ஃபீல்ட் றைபிளைக் கொண்டுவந்தார்கள். அதனோடு வந்த பயனெற்றின் அலகு 12 அங்குலம்தான். றைபிளும் குட்டை, கத்தியும் குட்டை. நீண்ட துவக்கு வைத்திருக்கும் எதிரியின் முன் நம் ஆள் எட்டமாட்டான் என்று தளபதிகள் கவலைப்பட்டார்கள். அதற்குள் 1904, 1905ஆம் ஆண்டுகளில் ரஷ்யாவோடு நடந்த போரில் யப்பானியக் காலாட்படை பெரும் பெயர் வாங்கிவிட்டது. பிரித்தானியப் பார்வையாளர்கள் அங்கே இருந்தார்கள். யப்பானியர் பூட்டியிருந்தது 1897இல் ஏற்ற முப்பதாம் வகைப் பயனெற்: 40 சென்ரிமீற்றர் அலகு, பக்கவாட்டில் ஒரு பள்ளம், குறுக்குக் காப்பில் ஒரு கொக்கி. எதிரியின் கத்தியைச் சிக்கவைத்துத் திருப்பிவிடத்தான் கொக்கி.

அந்த வடிவத்தைத் தழுவியதே 1907 மாதிரி. அலகு 17 அங்குலம், அதாவது 43 சென்ரிமீற்றர். கொக்கியும் அப்படியே வந்தது. சில வருடப் பழக்கத்தில் அது எதிரியின் கத்தியைவிடத் தன் பட்டியிலும் புதரிலும்தான் அதிகம் சிக்கியது என்று தெரிந்தபோது எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே கொடுத்தவை பழுதுபார்க்க வரும்போது கொக்கியை அறுத்து அராவினார்கள். அப்படி வெட்டுப்படாமல் தப்பியவைக்குத்தான் இன்று அந்த விலை.

அலகின் பள்ளத்தை இரத்தம் வடியும் வழி என்று சந்தையில் பாதிப் பேர் சொல்வார்கள். அது கதை. பள்ளம் எடையைக் குறைக்கிறது, நீண்ட அலகு வளையாமல் நிற்க உதவுகிறது. கட்டடத்து இரும்பு உத்திரத்தின் குறுக்கு வடிவத்துக்கு என்ன காரணமோ அதே காரணம்.

முதலாம் உலகப்போரில் இந்தக் கத்தி இலட்சக்கணக்கில் அடித்துத் தள்ளப்பட்டது. பின்னாளில் சவர அலகுகளால் நம் வீடுகளுக்குள் வந்த வில்கின்சன் நிறுவனம் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேல் செய்தது. ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திக் கம்பெனிகளும் செய்தன. கடல்கடந்து இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று, கல்கத்தாவுக்கு மேலே ஹூக்ளிக் கரையிலுள்ள ஈஷாப்பூர். மற்றது, சிட்னிக்கு மேற்கே நீலமலைகளைத் தாண்டி 1912இல் திறந்த லித்கோ தொழிற்சாலை. இன்று அந்த வளாகத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நிலக்கரி ஊர், பனிக்காலத்தில் போனால் கை விறைக்கும். நான் மூன்று முறை போயிருக்கிறேன்.

வாசிக்கும் முறை

ஒரு 1907 கத்தியைக் கையில் எடுத்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் முடியும் அரசரின் எழுத்தும். பிரித்தானியாவில் செய்ததென்றால் ஜி.ஆர்.; ஈஷாப்பூரில் செய்ததென்றால் ஜி.ஆர்.ஐ. இந்தக் கூடுதல் எழுத்து சக்கரவர்த்தி என்பதற்கு. இலண்டனில் அரசர், கல்கத்தாவில் சக்கரவர்த்தி, ஒரே மனிதர். மறுபக்கத்தில் கோழிக்காலைப் போல ஓர் அம்புக்குறி, அரச உடைமை என்பதற்கு. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தால் அலகை இருபுறமும் வளைத்துப் பார்த்து, நேராகத் திரும்பி வந்தது என்று அர்த்தம். இரண்டு அம்புகள் முகத்தோடு முகம் முட்டினால் படை அதை விற்றுக் கழித்துவிட்டது. 1916 முதல் கைப்பிடிக் குமிழில் ஒரு சிறு துளை வந்தது. பூட்டும் குழிக்குள் அடையும் சேற்றைத் தள்ளி எடுக்க. அகழிகளின் சேறு கத்தியின் வடிவத்தையே மாற்றிய இடம் அந்தத் துளை.

கூரையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அமைதிக் காலத்தில் இவற்றை மழுங்கலாகத்தான் கொடுப்பார்கள். போருக்குப் புறப்படும்போதே சாணை பிடிப்பார்கள். சாணை பிடித்த தடம் இருந்தால் அந்தக் கத்தி யாரோ ஒருவனோடு புறப்படத் தயாராக நின்றது என்று கொள்ளலாம். அதற்கு மேல் அது எதையும் சொல்லாது. விற்பவர் சொல்லும் கதைக்குக் காசு கொடுக்காதே என்பது நண்பர் எனக்குச் சொன்ன முதல் பாடம். எந்தக் குறியும் இல்லாத கத்திக்குத்தான் மிக நீளமான கதை இருக்கும்.

பராமரிப்பு எளிது, ஆனால் பொறுமை வேண்டும். துருவை இரும்பு நாரால் தேய்த்தால் குறிகளும் சேர்ந்து அழியும். எண்ணெய் பூசி ஊறவிட்டு மெல்லத் துடைக்க வேண்டும். தோலுறைக்குள் கத்தியை விட்டுவைக்கக் கூடாது. பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், உள்ளே இரும்பு அரிக்கும். உறையும் கத்தியும் ஒரே தட்டில் தனித்தனியாகக் கிடக்கட்டும். ஆயுதச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

குத்தாத கத்தி

சேகரிக்கத் தொடங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த எண் என் கண்ணில் பட்டது. முதலாம் உலகப்போரின் பிரித்தானிய மருத்துவப் பதிவுகளிலிருந்து 2,12,659 காயங்களை எடுத்து எதனால் வந்தவை என்று பிரித்திருக்கிறார்கள். எறிகணையால் 58 சதவீதத்துக்கும் மேல். துவக்கு, இயந்திரத் துவக்குக் குண்டுகளால் ஏறத்தாழ 39. கைக்குண்டால் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். பயனெற்றால் 0.32. ஆயிரம் பேரில் மூவர். மருத்துவரிடம் வந்து சேர்ந்தவர்களின் கணக்கு இது. களத்திலேயே இறந்தவர்கள் இதில் இல்லை. அப்படியே பார்த்தாலும் இலட்சக்கணக்கில் வார்த்த கத்திக்கு இது மிகச் சிறிய அறுவடை. படுக்கைக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றவும், தகரம் திறக்கவும், மண்சுவரில் பையைத் தொங்கவிடவும் சிப்பாய் அதை அதிகம் பயன்படுத்தினான்.

அப்படியானால் ஏன் விடாமல் வைத்திருந்தார்கள்? படைகளே சொன்ன பதில் மனம் என்பது. பயிற்சிக் களத்தில் வைக்கோல் திணித்த சாக்குகளைத் தொங்கவிட்டு, கத்திக்கொண்டு ஓடிக் குத்தச் சொல்வார்கள். குத்து, திருகு, இழு. சாக்கில் குத்திப் பழகியவன் மனிதன்மேல் பாயத் தயங்கமாட்டான் என்பது கணக்கு. எதிரியும் பெரும்பாலும் குத்து வாங்கக் காத்திருப்பதில்லை. மின்னும் அலகுகளின் வரிசை நெருங்கும்போது ஓடுவான், அல்லது கையைத் தூக்குவான். களத்தில் பயனெற் பயமுறுத்தும் பொருளாகவே பெரும்பாலும் வேலை செய்தது.

ஆனால் ஓட முடியாதவர்களும் இருக்கிறார்கள். கைகட்டிய கைதி, படுக்கையிலிருக்கும் நோயாளி, சந்தியில் மறித்து வைத்த கூட்டம். அங்கே பயனெற் பயமுறுத்தியதோடு நிற்கவில்லை. ஓடக்கூடியவர்களின் முன்னே பொம்மையாகவும் ஓட முடியாதவர்களின் முன்னே ஆயுதமாகவும் இருந்த பொருள் இது. சேகரிப்பவர்களின் புத்தகங்களில் மாதிரி எண்ணும் அலகின் நீளமும் பக்கம் பக்கமாக இருக்கும். இது மட்டும் குறைவாகவே இருக்கும்.

தாயும் பிள்ளையும்

என்னிடம் இருக்கும் கத்திகளில் இரண்டை நான் எப்போதும் அருகருகே வைப்பேன். ஒன்று யப்பானிய முப்பதாம் வகை. அடிப்பாகத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நான்கு வட்டங்கள், அது தோக்கியோ, கொக்குரா ஆயுதச்சாலைகளின் குறி. மற்றது ஈஷாப்பூரில் செய்த 1907. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் பல கத்திகளை 12 அங்குலத்துக்கு வெட்டிக் குறுக்கினார்கள். என்னுடையதும் அப்படி வெட்டியதுதான். பள்ளம் முனைவரை ஓடி, பாதியில் நின்ற வாக்கியத்தைப் போல முடிகிறது. பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்று குழந்தைக்கும் தெரியும்.

1941 டிசம்பரில் இந்தக் குடும்பத்தின் இரு கிளைகளும் மலாயாவில் எதிரெதிரே நின்றன. யப்பானியர் மூலவடிவத்தோடு வந்தார்கள். பிரித்தானிய, அவுஸ்திரேலிய, இந்தியப் படைகள் அதன் பிள்ளையைப் பூட்டியிருந்தன. எழுபது நாளில் முடிந்தது. 1942 ஜனவரியில் ஜொகூரின் பரிட் சூலொங்கில், பின்வாங்கும் படை விட்டுச்செல்ல வேண்டிவந்த காயக்காரர்கள், ஏறத்தாழ 110 அவுஸ்திரேலியரும் 40 இந்தியரும், சரணடைந்த பின் கொல்லப்பட்டார்கள். சிங்கப்பூர் விழுவதற்கு முதல்நாள், பெப்ரவரி 14 அன்று, அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் நுழைந்த சிப்பாய்கள் நோயாளிகளையும் ஊழியர்களையும் பயனெற்றால் குத்தினார்கள். என்னுடைய நண்பர் பரிட் சூலொங்கைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார். அந்த 40 பேரைப் பற்றி நான் சொல்லும்வரை அவர் கேள்விப்பட்டதில்லை.

பிறகு பர்மா-சயாம் ரயில்பாதை. 415 கிலோமீற்றர். காவல்காரர்களின் துவக்கில் இருந்தது இந்த முப்பதாம் வகை. அங்கே இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90 ஆயிரம்வரை என்பது ஒரு மதிப்பீடு; மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் பெயரும் படையணி எண்ணும் பொறித்து, புல் வெட்டி, வரிசையாக இருக்கின்றன. தொழிலாளர்களுக்குப் பெயர்ப்பட்டியலே கிடையாது. சந்தையில் பர்மாப் பாதையிலிருந்து வந்தது என்று ஒரு யப்பானியக் கத்தியை விற்கிறவர், எந்த அவுஸ்திரேலியச் சிப்பாய் அதைக் கொண்டுவந்தார் என்று சொல்லுவார். அந்தப் பாதையில் அந்தக் கத்தியின் முன்னால் நடந்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நீங்கள் எந்த நாடு என்றார்.

அதே வருடங்களில், அதே தோட்டங்களிலிருந்து, இன்னொரு வரிசையும் புறப்பட்டது. 1943 ஒக்ரோபரில் சிங்கப்பூரில் ராணி ஜான்சிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து வந்து அங்கே மருத்துவம் பார்த்த லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் பலர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்திய தேசிய இராணுவத்தின் ஆயுதங்களில் பெரும்பகுதி பிரித்தானியர் சரணடைந்தபோது விட்டவை. அந்தப் பெண்கள் துவக்குச் சுடவும் பயனெற்றோடு பாயவும் பழகினார்கள். குறுகிய லீ என்ஃபீல்டில் 1907 கத்தியைப் பூட்டினால் மொத்த நீளம் ஏறத்தாழ 156 சென்ரிமீற்றர். அவர்களில் பலரின் உயரமே அவ்வளவுதான் இருந்திருக்கும். கங்காணிக்கு முன்னால் தலை தூக்காமல் வளர்ந்த பெண் ஒருத்தி, தன் உயரத்துக்கு ஓர் ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கத்தும்போது அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? அந்தப் படையைப் பற்றி எதை வாசித்தாலும் நான் இந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

சாக்கு

எண்பதுகளின் கடைசி. எங்கள் ஊரில் ஒரு காலைச் சுற்றிவளைப்பு. எனக்குப் பதினைந்து வயது. இரண்டு சிப்பாய்கள் வீட்டுக்குள் வந்தார்கள். மூத்தவன் அலுமாரியைத் திறக்கச் சொன்னான். இளையவன், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், மூலையில் அடுக்கியிருந்த நெல் மூட்டையைப் பார்த்தான். துவக்கின் முனையில் கத்தி பூட்டியிருந்தது. ஒரு காலை முன்னே வைத்து, முழங்கையை இடுப்போடு சேர்த்து, மூட்டையில் குத்தினான். திருகினான். இழுத்தான்.

மொட்டைக்கறுப்பன் நெல் சாணி மெழுகிய நிலத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. அவனும் அந்த நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மற்றவன் கூப்பிட, போனான்.

அவர்கள் படலை தாண்டிய சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா அசைந்தா. "தம்பி, அந்தச் சுளகை எடுத்துக்கொண்டு வா" என்றா. நெல்லை அள்ளிப் புடைத்துக் கல் எடுத்து, சாக்கைக் கோணி ஊசியால் தைத்தா. இறுக்கமான, நெருக்கமான தையல். 1995இல் வீட்டை விட்டு வெளிக்கிடும்வரை அந்தச் சாக்கு எங்களிடம் இருந்தது.

பயிற்சிக் கையேடுகளில் உள்ள படங்களைப் பல வருடம் கழித்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. முன்னே வைத்த கால், இடுப்போடு ஒட்டிய முழங்கை, குத்து, திருகு, இழு. அந்தப் பையன் எங்கள் வீட்டில் தேடவில்லை. எங்கோ ஒரு களத்தில் தொங்கவிட்ட சாக்கில் பழகியதை, இன்னொரு சாக்கைக் கண்டதும் அவன் உடம்பு செய்தது. அது எனக்கு ஆறுதலா, இன்னும் பெரிய பயமா என்று கேட்டால் இரண்டும்தான்.

இந்தக் கதையை நான் சந்தையில் யாருக்கும் சொன்னதில்லை. போன வருடம் என் மகள் கேட்டாள். இங்கேயே பிறந்தவள், சட்டம் படிக்கிறாள். நான் மேசையில் கத்திகளைப் பரப்பி எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, உங்களுக்கு இதுகளைப் பாக்கப் பயமில்லையா? நீங்கள் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்ததே இதுக்குத்தானே?"

என்னிடம் தயார்ப் பதில் ஒன்றும் இல்லை. சாக்கைப் பற்றிச் சொன்னேன். அவள் அப்பம்மாவை வயதுபோன காலத்தில்தான் கண்டவள். சுளகோடு நிலத்தில் குந்தியிருந்த அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முன்னால் கிடந்த லித்கோக் கத்தியைக் கையில் எடுத்தாள். போர்க்காலத்துக் கத்தி அது. கைப்பிடி மரத்தில் அச்சடித்திருந்த நான்கு எழுத்துகளை வாசித்தாள்: எஸ், எல், ஏ, இசட்.

"இது என்ன?"

"ஸ்லாசெஞ்சர். ரென்னிஸ் மட்டை செய்யிற கொம்பனி. சண்டை நேரம் மரப்பிடி செய்து குடுத்தவை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடக் காலத்தில் அவள் விளையாடிய மட்டை அதே பெயருடையது; இன்னும் கராச்சில் தொங்குகிறது. சிரித்து முடிந்ததும் கத்தியைக் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்புக்குறி எங்கே, பெருக்கல் குறி எங்கே என்று கேட்டாள். காட்டினேன்.

ஏன் வைத்திருக்கிறேன் என்பதற்கு நான் பின்னர் யோசித்த பதில் இவ்வளவுதான். துவக்கின் முனையில், எதிரே இருந்து பார்க்கும்போது, அந்தக் கத்தியில் எதையும் வாசிக்க முடியாது. முனை மட்டும்தான் தெரியும். இப்போது அது என் மேசையில் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. யார் செய்தது, எந்த மாதம், யார் வளைத்துப் பார்த்தது, யார் வெட்டிக் குறுக்கியது, யார் விற்றுக் கழித்தது என்று நான் கேட்கிறேன். சிலதுக்கு அது பதில் சொல்கிறது. குத்து வாங்கியவர்களைப் பற்றி மட்டும் அது ஒருபோதும் சொல்வதில்லை. அதை வேறு இடத்தில் தேடி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

அதனால் இப்போது ஒவ்வொரு கத்திக்கும் ஓர் அட்டை எழுதுகிறோம். ஒரு பக்கத்தில் மகள் ஆங்கிலத்தில் மாதிரி, ஆண்டு, குறிகள் எழுதுகிறாள். மறுபக்கத்தில் நான் தமிழில் எழுதுகிறேன். யப்பானியக் கத்தியின் அட்டையில் பரிட் சூலொங்கின் நாற்பது பேரும் ரயில்பாதையும் இருக்கின்றன. ஈஷாப்பூர்க் கத்தியின் அட்டையில் ராணி ஜான்சிப் பெண்கள். இந்தக் குறிப்பிட்ட கத்தி அவர்கள் கையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, இதன் வகைதான் இருந்தது என்பதையும் எழுதியிருக்கிறேன். முதலாம் இலக்க அட்டை என் பழைய போலிக்கு. கொக்கி பின்னால் ஒட்டியது என்று மகள் எழுதினாள். வாங்கிய விலையையும் எழுதவேண்டும் என்று அவள் வற்புறுத்தினாள். எழுதினேன்.